ஆறிப்போன தேத்தண்ணி

இரண்டு வருடங்களுக்கு முன், விடாமல் மழை தூறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் இது நடந்தது.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர்களுக்குப் பயிற்சி நடத்தும் பிரிவில் இருக்கிறேன். எந்த நாட்டு மாணவர் வந்தாலும் படிக்கக்கூடியதாகப் பாடத்திட்டங்களை மாற்றி எழுத அவர்களுக்கு உதவ வேண்டும். வேறு மொழி, வேறு பழக்கம் உள்ள மனிதர்களோடு எப்படிப் பழகுவது என்றும் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் ராகலைப் பக்கத்து லயத்தில் பிறந்தவன். அந்தப் பிரிவில் தோட்டத்து ஆள் நான் ஒருவன்தான். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அவர்கள் பேசும் பள்ளிக்கூடங்களும் விளையாட்டுக் கிளப்புகளும் எனக்குத் தெரியாது. தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டு எழும்பிவிடுவேன்.

அந்த முறை பயிற்சி நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் நடந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மா பயிற்சி கொடுக்க வந்திருந்தார். கடைசி நாள் எல்லோரையும் ஒரு லயத்துக்கு அழைத்துப் போவது என் யோசனை. தேயிலையைப் பற்றியும் தொழிலாளரைப் பற்றியும் பாடம் நடத்துகிறவர்களில் பலர் லயத்துக்குள் கால் வைத்ததே இல்லை. உதாரணத்துக்கு வேறு நாட்டுப் புத்தகத்தைத் தூக்குவார்கள். பயணம் சரியாக அமைந்தால் அதைப் பாடத்திட்டத்திலேயே சேர்ப்பதாக மேலிடம் சொல்லியிருந்தது. வருடா வருடம் மாணவர்கள், வெளிநாட்டுப் பிள்ளைகள் உட்பட, எங்கள் ஆட்களிடம் வந்து படிப்பார்கள். சரிவராவிட்டால் அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எனக்கு அந்த வேலையில் ஆசையாகச் செய்ய இருந்தது அது ஒன்றுதான்.

முதல் நாளே சண்டை வந்தது. போகிற வீட்டில் யாரும் எதையும் வாங்கிச் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, ஏழைக் குடும்பத்துக்கு அது சுமை என்று பயிற்சி கொடுத்த அம்மா சொன்னார். எப்படி மரியாதையாக மறுப்பது என்றும் பழக்கினார். வலது கையை நெஞ்சில் வைத்து, கொஞ்சம் குனிந்து, சிரிக்க வேண்டும்.

இது பிழை என்று நான் எழும்பிச் சொன்னேன். தோட்டத்தில் வீட்டுக்கு வந்தவர் தேத்தண்ணி குடிக்காமல் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உன் வீட்டில் என் கை நனையாது என்பதுதான் அது. என் அப்பா காலத்தில் வேலையை மேற்பார்வை பார்க்க வரும் கண்டாக்கையா வாசலோடு நின்று பேசிவிட்டுப் போவார். ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. சாதி பார்த்துக் குடிக்காதவர்களும் இருந்தார்கள். யார் குடித்தார், யார் குடிக்கவில்லை என்பதை லயம் மறக்காது. இவ்வளவையும் சொன்னேன். நீங்கள் அந்த இடத்து ஆள், அதனால் உணர்ச்சிவசப்படுகிறீர்கள், அது இயல்புதான் என்று அந்த அம்மா அன்பாகச் சொன்னார். கூட்டத்தில் ஒருவரும் என் பக்கம் பேசவில்லை.

நாங்கள் போகவிருந்த வீட்டுக்கார அக்காவிடம் தேத்தண்ணி ஊற்ற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வீட்டுக்கு வருகிறோம், ஒன்றும் தராதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? தோட்டத்தில் பிறந்த எவனாலும் அதைச் சொல்ல முடியாது.

அந்த அக்கா கொழுந்து பறிக்கிறவர். நான் இரண்டு முறை போய்ப் பேசி, சம்மதிக்க வைத்திருந்தேன். என் ஊரைக் கேட்டதிலிருந்து தம்பி, தம்பி என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கோயிலிலிருந்து பிளாஸ்டிக் கதிரைகள் வந்து வரிசையாக இருந்தன. அடுத்த வீட்டுக் காம்பராக்களில் இரவல் வாங்கிய கோப்பைகள், எல்லாம் வேறு வேறு நிறம். அவர்கள் தினமும் குடிப்பது பாலில்லாத வெறும் சாயத்தண்ணி. அன்றைக்கு எங்களுக்குப் பால்மா கரைத்த தேத்தண்ணி. அக்கம்பக்கத்துச் சனம் வாசல்களில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா தட்டோடு முதல் ஆளிடம் போனார். கை நெஞ்சுக்குப் போனது, தலை குனிந்தது, சிரிப்பு வந்தது. அடுத்த ஆளும் அப்படியே. அதற்கடுத்த ஆளும் அப்படியே. முதலில் அக்கா, "கூச்சப்படாம எடுங்க, வூடு மாதிரி நெனச்சிக்கிங்க" என்று சிரித்தார். வரிசையின் பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. கோப்பைகளில் ஆடை படிந்தது. தட்டு என்னிடம் வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"பீங்கான் எல்லாம் சுடுதண்ணியில கழுவுனதுதாங்க சார்."

தம்பி போய் சார் வந்துவிட்டது. ஒரு கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன். இன்னொன்றையும் எடுத்துக் குடித்தேன். பிறகு திரும்பி நின்று விரிவுரையாளர்களைப் பார்த்துச் சிங்களத்தில் கத்தினேன். நீங்கள் படித்த படிப்பு இதுதானா, இந்த வீட்டைக் கேவலப்படுத்தத்தான் இவ்வளவு தூரம் வந்தீர்களா என்று கேட்டேன். இன்னும் மோசமாகவும் சொன்னேன். எல்லோரும் பயிற்சி கொடுத்த அம்மாவைப் பார்த்தார்கள். அக்கா தட்டைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார்.

அப்போது கடைசிக் கதிரையிலிருந்து ஒருவர் எழுந்தார். வலப்பனைப் பக்கத்துச் சிங்களவர், வயதான விரிவுரையாளர். பயிற்சி தொடங்கியதிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. என்னைக் கண்டுகொள்ளாமல் நேரே தட்டிடம் போனார். ஆடை படிந்த ஒரு கோப்பையை எடுத்து, ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தார். தடுமாறும் தமிழில் சொன்னார்.

"அக்கா, சீனி பத்தாது. இன்னம் கொஞ்சம் போடுங்க."

அக்கா நிமிர்ந்தார். "ஒங்க வயசுக்கு இது போதும் மாத்தயா. வூட்டுல நோனா ஏச மாட்டாங்களா?"

"நோனாவுக்குச் சொல்ல வேணாம்."

வாசலில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அக்கா சீனிப் போத்தலை எடுக்க உள்ளே ஓடினார். ஒருவர் கை நீட்டினார், பிறகு இன்னொருவர். சிலர் கடைசிவரை குடிக்கவில்லை. பரவாயில்லை, வீடு மறுபடி வீடாகிவிட்டது.

கிளம்பும்போது அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "அவங்க குடிக்காட்டி போறாங்க தம்பி. எங்களுக்கு அது பழக்கந்தான். நீங்க சத்தம் போட்டதுதான் வெக்கமாப் போச்சு. பிச்ச கேட்ட மாதிரி ஆயிருச்சே" என்றார். திரும்பும் வழியில் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. அந்த வலப்பனைக்காரர் முன்னால் தூங்கிக்கொண்டு வந்தார்.

பயணம் பாடத்திட்டத்தில் சேர்ந்துவிட்டது. மாணவர்கள் வருடா வருடம் போகிறார்கள். அழைத்துப் போவது நானில்லை. எனக்குப் பக்குவம் போதாது என்று வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். பஸ் போகும் நாளில் அலுவலகத்தில் தனியே உட்கார்ந்திருப்பேன். அந்தப் பிள்ளைகள் குடிக்கிறார்களா, நெஞ்சில் கை வைக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் ஆளில்லை.

நான் அன்று கோபப்பட்டது நியாயம்தான், இன்றைக்கும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் அக்கா தந்த இரண்டு கோப்பையையும் குடித்துவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டி நின்றுதான் அவருக்காகச் சண்டை போட்டேன். அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேச எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.