அண்ணனுக்காக அணைத்த சூடம்

எனக்கு ஒன்பது வயதானபோது எங்கள் வீட்டிலேயே பெரிய புத்திசாலி நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அப்பா உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில வாத்தியார். அம்மா அப்பாவுக்குப் பயந்தவள். அண்ணன் கல்லூரியில் முதல் வருடம் என்று பேர். பாதி நாள் வாகையடி முக்கில் சேக்காளிகளோடு சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நிற்பான். இவர்களுக்கு நடுவே நிதானமாக யோசிக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

ஒரு சனிக்கிழமை காலையில் யாரோ ஒருவர் வந்து அப்பாவிடம் மடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்தார். அப்பா லீவு லெட்டர் என்று நினைத்துக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பிரித்தார். உள்ளே ஒரு பல் இருந்தது. வந்தவருடைய மகனின் முன்பல். முந்தின நாள் டீக்கடை பெஞ்சில் நகர்ந்து இடம் விடவில்லை என்று அண்ணன் அதை உடைத்திருந்தான். அந்த வருடத்தில் அது மூன்றாவது அடிதடி.

அப்பா அந்த மனிதரிடம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அப்பா யாரையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. அவர் போனதும் தீர்ப்பு வந்தது. படித்தது போதும், பம்பாயில் பெரிய மாமா கடைக்கு இவனை ரயிலேற்றிவிட வேண்டியதுதான். அம்மா அழுதாள். அண்ணன் ஊரெல்லாம் அடித்தாலும் என்மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. அவன் இல்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை?

அம்மா இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து ஒரு கடைசி வாய்ப்பு வாங்கினாள். அப்பா வாத்தியார் அல்லவா, தண்டனைக்கு முன்னால் பாடம் நடத்தினால்தான் அவருக்குத் திருப்தி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடியோ டெக்கும் ஒரு ஆங்கிலப் படக் கேசட்டும் வாடகைக்கு எடுத்து வந்தார். "ஒரு போக்கிரிப் பயலக் கவர்மெண்டே புடிச்சுத் திருத்துத படம் சார், நம்ம தம்பிக்குப் பாத்துச் செஞ்ச மாரி இருக்கும்" என்று கேசட் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். பல நாடுகளில் அந்தப் படத்தைத் தடை செய்திருந்தார்கள் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் படம் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. ஆங்கில வசனங்களை அப்பா உடனுக்குடன் தமிழில் சொல்லுவார். பிள்ளைகள் பார்க்கக் கூடாத இடம் வந்தால் எழுந்து போய் தோளில் கிடக்கும் துண்டை விரித்து டிவியை மறைத்துக்கொண்டு நிற்பார். மற்றப் படங்களில் இரண்டு மூன்று தடவை எழுந்திருப்பார். இந்தப் படத்தில் முதல் அரைமணி நேரம் அவர் உட்காரவே இல்லை. துண்டுக்குப் பின்னாலிருந்து கண்ணாடி உடைகிற சத்தமும் அலறலும் கேட்டன. "பையனுக வழி தவறிப் போறாங்க" என்று அத்தனைக்கும் ஒரே மொழிபெயர்ப்பைத்தான் அப்பா தந்தார்.

துண்டு இறங்கியபோது அந்தப் பையன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஏதோ வரப்போகிற காலத்து ஊர். எல்லாம் வெள்ளை வெள்ளையாக இருந்தது. டாக்டர்கள் ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். அதற்கப்புறம் அவன் யாரையாவது அடிக்கக் கை ஓங்கினால், கை பாதியிலேயே மரத்துப்போய்த் தொங்கிவிடும். பெரிய மனிதர்கள் முன்னால் அவனை நிறுத்திச் சோதித்துக் காட்டினார்கள். ஒருவன் வந்து பளாரென்று அறைய, பையன் கை தூக்க முடியாமல் நின்றான். சபை கை தட்டியது. நானும் தட்டினேன். அப்பா டெக்கை நிறுத்தினார்.

"படம் முடிஞ்சுது."

"முடியலப்பா" என்றான் அண்ணன். அவன் சேக்காளிகளோடு அதை முன்பே பார்த்திருந்தான். "மிச்சத்தையும் போடுங்க. வெளிய வந்து அவன் என்ன பாடு படுதான்னு பாப்போம்."

மிச்சம் தேவையில்லை என்று அப்பா கேசட்டை உருவிவிட்டார். சாமி அறைக்குப் போய்த் தாம்பாளத்தில் சூடம் ஏற்றினார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனி யாரையும் அடிக்கமாட்டேன் என்று அண்ணன் சத்தியம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பம்பாய். எங்கள் பக்கத்தில் சூடம் அணைத்த சத்தியத்துக்கு மேல் கோர்ட்டு கிடையாது. அதை மீறினால் சத்தியம் செய்தவருக்குத்தான் கேடு வரும்.

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "அடிச்சது தப்புதான். நாளைக்கே போயி அவன் கால்ல வேணும்னாலும் விழுதேன். சத்தியத்துக்குப் பயந்து நல்லவனா இருக்க மாட்டேன். எனக்காத் தோணணும்."

"அப்ப மூட்டையக் கட்டுலே" என்றார் அப்பா.

சூடம் கரைந்துகொண்டிருந்தது. அது தானாக அணைந்தால் அண்ணன் போய்விடுவான். எனக்குத் தோன்றிய யோசனை மிகப் பிரமாதமாக இருந்தது. இத்தனை பெரியவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே முன்னால் போய் என் கையைச் சூடத்தின் மேல் ஓங்கி அடித்தேன். "அண்ணன் இனிமே யாரையும் அடிக்க மாட்டான். அடிச்சா என் ரெண்டு கண்ணும் அவிஞ்சு போகட்டும்!"

அம்மா ஐயோ என்று கத்தினாள். அண்ணன்தான் முதலில் ஓடிவந்து என் கையைப் பிடித்தான். அவன் முகம் வெளிறியிருந்தது. சுட்ட கையில் தோசை மாவை அப்பினார்கள். சத்தியம் யார் செய்தாலும் சத்தியம்தான் என்று அப்பா கொஞ்ச நேரம் யோசித்து ஒப்புக்கொண்டார். பம்பாய் நின்றுபோனது. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் எனக்கு அப்பளம் இரண்டு.

ஒரு மாதம் கழித்து ஆனித் தேரோட்டம் வந்தது. வளையல் வாங்கித் தருகிறேன் என்று அண்ணன் என்னைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கூட்டிப்போனான். கீழரத வீதியில் கூட்டத்துக்காக இறங்கித் தள்ளிக்கொண்டு போனபோது, முன்பல் இல்லாத ஒருவன் இரண்டு பேரோடு குறுக்கே வந்து நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை, நேராக அண்ணன் வாயில் குத்தினான்.

அண்ணனின் வலது கை ஹேண்டில்பாரை விட்டு மேலே வந்தது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான். கையை மறுபடி ஹேண்டில்பாரிலேயே வைத்தான். மூன்று பேரும் மாறி மாறி அடித்தார்கள். அவன் இரண்டு கையாலும் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். நான் கேரியரை விட்டு இறங்கவுமில்லை, அழவுமில்லை. என் சத்தியம் வேலை செய்வதைக் கண்ணாரப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அல்வாக் கடை அண்ணாச்சி ஓடிவந்தார். "ஏலே, அவன் சும்மால்லா நிக்கான்! சும்மா நிக்கவனப் போட்டு ஏம்லே அடிக்கிய?" அவர்கள் கூட்டத்துக்குள் மறைந்தார்கள். அண்ணாச்சி கொடுத்த தண்ணீரில் அண்ணன் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். சிவப்பாக விழுந்தது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வளையலைக்கூட மறந்துவிட்டேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவன் முதுகைத் தட்டிக் கேட்டேன்.

"அண்ணே, கையத் தூக்கவே முடியலையா?"

அவன் கொஞ்ச தூரம் மிதித்தான். "முடியலட்டி" என்றான்.

நான் அதை அப்படியே நம்பினேன். மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்க, என் அண்ணனை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், திருப்பி அடிக்க அவனால் முடியாது என்று சொல்லிப் பெருமையடித்தேன். அவன் அடி வாங்கிக்கொண்டு நின்றபோது நான் கேரியரிலிருந்து எட்டிப் பார்த்தேன்; ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த விரல்கள் ரத்தமே இல்லாமல் வெளுத்திருந்தன. முடியாதவன் எதற்கு அத்தனை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று கேட்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை.