நல்லமுத்து வைத்த டைமிங்

மலைமேல் ஒண்டிக்கடை டாக்ஸி ஸ்டாண்டில் நின்ற வண்டிகளுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே நோய். எல்லாம் பெட்ரோல் அம்பாசடர், ஏற்றத்தில் இஞ்சின் கொதிக்கும். சேலத்திலிருந்து மலையேறும்போது, பாதி வழியில் பாறையிடுக்கிலிருந்து தண்ணீர் கொட்டுகிற ஒரு வளைவில் நிறுத்துவோம். பானெட்டைத் திறந்துவிட்டு, ஒரு பீடி எரிகிற நேரம் பொறுத்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிளம்புவோம். டிரைவர்கள் மத்தியில் அதற்குத் தண்ணி வளைவு என்றே பெயர். உள்ளே மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தாலும் முகூர்த்தம் நெருங்கினாலும் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். இதை யாரும் மானக்கேடாக நினைத்ததில்லை, நல்லமுத்துவைத் தவிர.

நல்லமுத்து செம்மநத்தத்துக்காரன். எண்பத்திரண்டு வாக்கில், மிளகுக்கொடி ஏறிய காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டு, பல கை மாறிய ஒரு அம்பாசடரை வாங்கி வந்தான். பூமி நின்ற இடத்தில் நிற்கிறது, வண்டி ஓடுகிறது, எது லாபம் என்று எங்களிடமே கேட்டான். அவன் மனைவி வெள்ளையம்மாளுக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. "பூமிக்குத் தாகம் எடுத்தா மழை பேயுது. இதுக்கு எடுத்தா நீங்கல்லோ டப்பாவத் தூக்கிட்டு ஓடோணும்" என்றாள். ஊரே சிரித்தது. அன்றிலிருந்து வண்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதென்றாலே அவனுக்குச் சுருக்கென்று தைக்கும்.

ஒருமுறை, வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று மெக்கானிக் அமீர் ஜானிடம் கொண்டுபோனான். அமீர் ஜான், பிளக்குகளுக்குப் பொறி அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் நட்டைத் தளர்த்தி, அதை ஒரு மயிரிழை திருப்பி, மறுபடி முடுக்கினான். வேலை அவ்வளவுதான். இஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே ஏறுகிற சமயம் பார்த்து பிளக்கில் பொறி விழ வேண்டும். விழுந்த பொறி பெட்ரோல் முழுக்கப் பற்றக் கொஞ்சம் அவகாசம் தேவை. ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வரக் கொஞ்சம் முன்னாலேயே பொறியைத் தட்டிவிட்டால், அது கீழே திரும்பும்போது நெருப்பு முழு வேகத்தில் உதைத்துத் தள்ளும். வண்டி நன்றாக இழுக்கும், சூடும் குறையும். ரொம்ப முன்னால் தட்டினால், ஏறிக்கொண்டிருக்கிற பிஸ்டனின் மண்டையிலேயே அடி விழும், இஞ்சினும் சூடேறிக் கொதிக்கும். இதைத்தான் டைமிங் வைப்பது என்கிறார்கள்.

"ஏனுங்கண்ணா, இது போதுமுங்க. இதுக்கு மேல கை வெச்சீங்கன்னா இஞ்சின் கத்தும்" என்றான் அமீர் ஜான்.

நல்லமுத்து அதைக் காதில் வாங்கவில்லை. எந்த நட்டு, எந்தப் பக்கம் திருப்பினான் என்று பார்ப்பதிலேயே அவன் கண் இருந்தது.

வண்டி இழுத்தது, அதை மறுக்க முடியாது. தை மாதக் குளிரில், நோஞ்சான் குமாஸ்தா ஒருவரை ஏற்றிக்கொண்டு தண்ணி வளைவில் நிற்காமல் மலையேறி வந்துவிட்டான். அதோடு ஸ்டாண்டில் எங்கள் நிம்மதி போயிற்று. எங்கள் வண்டிகளை எருமை என்றான். சொந்தமாக ஒரு ஸ்பேனர் வாங்கினான். ஒரு சிட்டிகை உப்பு ருசி என்றால் ஒரு படி உப்பு விருந்து என்று நினைக்கிற சாதி அவன். வாரத்துக்கொரு தடவை டிஸ்ட்ரிபியூட்டரை இன்னும் கொஞ்சம் திருப்புவான். பிறகு சோதனை. காலைக் குளிரில் ஏரியைச் சுற்றி ஒரு ஓட்டம், அப்புறம் சேலத்துப் பக்கம் இறக்கத்தில் ஒரு ஓட்டம். மலைமேல் காற்று குளிர்ச்சி, கனமும் குறைச்சல். இஞ்சின் எந்தக் கிறுக்குத்தனத்தையும் பொறுத்துக்கொள்ளும். இறக்கத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஆட்டுக்கல்லும் ஓடும்.

ஏற்றத்தில் மட்டும், தகர டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கினது போல ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. என்னப்பா சத்தம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன் சொன்ன பதில் ஒன்றே: "பவருங்க."

அந்தச் சமயத்தில்தான் மாரமங்கலம் போகும் வழியில் இருந்த ஒரு எஸ்டேட்டின் மேனேஜர், நிரந்தரமாக ஒரு டாக்ஸி வேண்டும் என்றார். மாதாமாதம் வாடகை நிச்சயம். மழைக்காலம் முழுக்க ஸ்டாண்டில் ஈ ஓட்ட வேண்டாம். நிலத்தை விற்றது புத்திசாலித்தனம்தான் என்று வீட்டிலும் ஒப்புக்கொள்வார்கள். நல்லமுத்து ராத்திரி பகலாக அந்த நினைப்பிலேயே கிடந்தான்.

மேனேஜர் எங்கள் ஸ்டாண்டு ஹனீபாவையும் நல்லமுத்துவையும் கூப்பிட்டுவிட்டார். மாமனார் குடும்பத்தோடு சேலம் ஜங்ஷனில் இறங்குகிறார், ஆட்களுக்கு ஒரு வண்டி, சாமான்களுக்கு ஒரு வண்டி வேண்டும் என்றார்.

"கூட்டிட்டு வந்தர்றோமுங்க. நடுவுல தண்ணிக்கு ஒருக்கா நிப்பாட்டோணும்" என்றார் ஹனீபா.

"அது பாய் வண்டிங்க" என்றான் நல்லமுத்து. "என்ற வண்டி சேலத்துல கெளம்புனா உங்க பங்களா வாசல்லதானுங்க நிக்கும்."

யாரும் கேட்காத வாக்குறுதி. மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியா? அப்ப நிக்காம வா, மாச வாடகை உனக்குத்தான். நின்னுட்டா பாய்க்கு" என்றார்.

நல்லமுத்து வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. வழியிலேயே வண்டியை ஓரங்கட்டி, இன்னும் ஒரு திருப்பு திருப்பினான்.

சித்திரை வெயில். சேலத்தில் தார் ரோடு காலில் ஒட்டியது. சாமான் ஏற்ற ஆள் வேண்டும் என்று ஹனீபா என்னையும் அழைத்துப் போயிருந்தார். மாமனார் ரிட்டையரான தாசில்தார். குடையைக் கோல் போலப் பிடித்துக்கொண்டு ரயிலிலிருந்து இறங்கினார். அவர், அவர் சம்சாரம், இரண்டு மகன்கள், ஒரு மருமகள், ஒவ்வொருவரும் நல்ல தேக்கங்கட்டை. நல்லமுத்து வண்டியின் பின்பக்கம் அழுந்தி, முகம் வானத்தைப் பார்த்தது. அப்படியே அடிவாரம் வரை முன்னால் பறந்தான்.

ஏற்றம் தொடங்கியதும் சத்தம் பிடித்துக்கொண்டதாம். தாசில்தாரே பிறகு சொன்னார்.

"ஏம்ப்பா, டிக்கியில பாத்திரம் கீத்திரம் உருளுதா?"

"பாத்திரமெல்லாம் பாய் வண்டியிலங்க. இது பவருங்க."

தண்ணி வளைவில் நாங்கள் நிறுத்தி பானெட்டைத் திறந்தபோது அவன் வண்டி அங்கே இல்லை. வேலை முடிந்து, தகர டின்னில் உபரியாகத் தண்ணீரும் பிடித்துக்கொண்டு கிளம்பினோம். இரண்டு வளைவு தாண்டினதும், இட்லிக் கொப்பரையை இறக்கி வைத்தது போல நடுரோட்டில் ஆவி. அதற்குப் பின்னால் நல்லமுத்து. ரோட்டோரக் கல்லில் குடையை விரித்துக்கொண்டு தாசில்தார் உட்கார்ந்திருந்தார்.

"இதுதான் பங்களா வாசலாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஹனீபா தகரத்தைத் தூக்கிக்கொண்டு போனார். நல்லமுத்து தடுத்தான். "தண்ணி வேண்டாம் பாய். பெரியவரு காத்து வாங்கட்டும்னு நிப்பாட்டுனேன்."

"நானா கேட்டேன்?" என்றார் தாசில்தார்.

கொதிப்பு அடங்கினதும் ஹனீபா தண்ணீரை ஊற்றினார். சாவியைத் திருப்பினால் இஞ்சின் ஒரு முக்கு முக்கிவிட்டு நின்றது. இனி முன்பக்கம் ஹேண்டில் போட்டு இஞ்சினைக் கையால் சுற்றுவதுதான் வழி.

"நல்லமுத்து, டைமிங்கக் கொஞ்சம் எறக்கிட்டுச் சுத்து. திருப்பி அடிக்கும்" என்றார் ஹனீபா.

அத்தனை பேர் பார்க்க டைமிங்கை இறக்குவதா? அவன் ஹேண்டிலைச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினான். பொறி விழ வேண்டிய நேரத்துக்கு ஏகத்துக்கும் முன்னால் விழுந்தது. ஏறிக்கொண்டிருந்த பிஸ்டன் அடி வாங்கிக் கீழே திரும்ப, ஹேண்டிலும் வந்த வழியே சுழன்று அவன் மணிக்கட்டில் இறங்கியது. மளுக்கென்று ஒரு சத்தம். அது இஞ்சின் சத்தம் இல்லை.

ஹனீபா வண்டியிலிருந்த மூட்டைகளை நல்லமுத்து வண்டிக்கு மாற்றினோம். ஆட்கள் ஹனீபா வண்டிக்கு மாறினார்கள். முன்சீட்டில் தாசில்தாருக்கும் கதவுக்கும் நடுவே நல்லமுத்து, கையை மடியில் போட்டு உட்கார்ந்து போனான். மேலே போகும் வரை பெரியவர் அவனுக்குச் சர்க்கார் வண்டிகளின் ஒழுங்கைப் பற்றிப் புத்தி சொன்னாராம். கை முறிந்ததைவிட அதுதான் வலித்திருக்கும்.

மூட்டைக்குக் காவலாக நான் நின்றேன். சாயங்காலம் அமீர் ஜான் வந்தான். டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய இடத்துக்குத் திருப்பினான். அரைச் சுற்றிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது. அண்டா குண்டாவோடு முணுமுணுக்காமல் பங்களா போய்ச் சேர்ந்தது அந்த வண்டி. வாசலில் நின்ற மேனேஜர் அதற்குள் ஹனீபாவிடம், திங்கட்கிழமையிலிருந்து வந்துவிடு என்று சொல்லி முடித்திருந்தார்.

கட்டுப் போட்ட கையோடு நல்லமுத்து தினம் ஸ்டாண்டுக்கு வந்தான். வெட்கப்பட்டு மூலையில் உட்காருவான் என்று நினைத்தவர்களுக்கு அவனைத் தெரியாது. போகிறவன் வருகிறவனிடமெல்லாம் கையைத் தூக்கிக் காட்டினான்.

"எலும்ப ரெண்டா முறிக்குதுன்னா எவ்வளவு பவர் இருக்கும்? உங்க வண்டியில எதாச்சும் ஒண்ணு, ஒரு வெரலயாவது முறிக்குமா? சொல்லு பாய்."

ஹனீபா வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நம்முளுதுல அவ்வளவு இல்லீங்க நல்லமுத்து" என்றார். "நகந்துக்க சாமி, எஸ்டேட்டுக்கு நேரமாச்சு."