கேரவனில் ஒரு சிம் போதும் என்றார்கள்

எங்கள் வீட்டில் என் வேலைக்குப் பெயர் ‘போன் பார்ப்பது’. செகந்திராபாத் மாரெட்பள்ளியில் கீழ்வீட்டில் நானும் என் கணவரும் இருக்கிறோம். மேல்வீட்டில் அவருடைய அண்ணனும் அண்ணன் மனைவியும். காலையில் பால் வாங்க இறங்கி வரும் மச்சாண்டார், ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, “என்னம்மா, அதுக்குள்ள போன் பார்க்க உக்காந்துட்டியா?” என்பார். என் மடியில் இருப்பது கணினி. திரையில் இருப்பது சென்னையிலிருந்து நடக்கும் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தின் முகப்பு. காலை ஆறிலிருந்து மதியம் ஒன்று வரை அந்த முகப்பு என் பொறுப்பு. சில வருடம் விளக்கிப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

மழைக்காலத்தில் அந்த வேலையின் முதல் ஒரு மணி நேரம் ஒரே ஒரு கேள்விக்குப் போய்விடும். இன்றைக்கு எந்தெந்த மாவட்டத்தில் பள்ளி விடுமுறை? சில ஆட்சியர்கள் முந்தின நாளே அறிவித்துவிடுவார்கள். சிலர் பிள்ளைகள் சீருடை மாட்டி, சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்த பிறகுதான் அறிவிப்பார்கள். ஒவ்வொன்றையும் சரிபார்த்து ஏற்ற வேண்டும். அதைவிட முக்கியம், நேற்றைய விடுமுறையை இறக்க வேண்டும். இறக்க மறந்தால் ஒரு மாவட்டமே நம்மை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கும். கடினமான வேலை இல்லை. ஆனால் அந்த நேரத்தில் ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும்.

எல்லோரும் சென்னை அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவு போட்டபோது எனக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. இணைப்பு இல்லை என்ற காரணத்தால் ஒரு ஷிப்ட் தவறினாலும் விலக்கு ரத்து, நான் சென்னைக்கு வந்துவிட வேண்டும். இதைச் சாப்பாட்டு மேஜையில் எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அதே பருவத்தில்தான் அண்ணனும் தம்பியும் கேரவனில் ஊர் சுற்றுவது என்று முடிவு செய்தார்கள். என்னைக் கேட்பதற்கு முன்பே வண்டிக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. கேரவன் என்றால் நடிகைகள் உட்காரும் வண்டி என்பதுதான் என் ஓரகத்திக்குத் தெரிந்தது. “அப்போ மேக்கப் போட்டுக்கிட்டு ஏறணுமா, இல்ல ஏறி உக்காந்து போட்டுக்கணுமா?” என்று கேட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. என் ஷிப்ட் என்ன ஆவது என்று கேட்டேன். “வண்டியிலயே போன் பாரும்மா, யாரு வேணாங்கறா?” என்றார் மச்சாண்டார்.

சரி, வருகிறேன், ஆனால் வண்டியில் இன்டர்நெட் விஷயத்தை நான்தான் முடிவு செய்வேன், யாரும் கை வைக்கக்கூடாது என்றேன். “ஹவ், ஹவ்” என்று ஊர் உருதுவில் ஆமாம் போட்டார்கள் இருவரும், ஒரே குரலில்.

வண்டிக்காரரின் கூடம் ஜீடிமெட்லாவில், மருந்துக் கம்பெனிகளுக்கு நடுவே இருந்தது. மூக்கை அறுக்கும் நெடி. விளம்பரத்தில் ‘ஃபுல் வைஃபை’ என்று போட்டிருந்தார். கட்டிலுக்கு மேலே ஒரு ரௌட்டர் திருகி வைக்கப்பட்டிருந்தது. கழற்றிப் பார்த்தேன். சிம் போடும் இடம் காலி.

“சிம் போட்டா வைஃபை வந்துடும் மேடம்” என்றார்.

சக்கரம் போட்டால் வண்டி ஓடிவிடும் என்று சொல்லி ஒருவர் வண்டி வாடகைக்கு விட முடியுமா? இந்தத் தொழிலில் முடிகிறது.

அடுத்து அமீர்பேட். கோச்சிங் சென்டர் பலகைகளுக்குக் கீழே வரிசையாக மொபைல் கடைகள். எங்கே கேட்டாலும் ஒரே பதில்: “ஆல் இந்தியா கவரேஜ் மேடம்.” ஒரு கடைக்காரரிடம், ஆல் இந்தியாவில் நாங்கள் போகப்போகும் நல்லமலைக் காடு வருமா என்று கேட்டேன். போனில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். தெலங்கானா முழுவதும் ஒரே நிறம், மலை, காடு, அணை எல்லாவற்றின் மீதும் ஒரே பூச்சு. பிறகு என் கண் முன்னாலேயே வேகம் சோதித்துக் காட்டினார். முள் பறந்தது. பறக்காமல் என்ன செய்யும்? எதிர்க் கட்டடத்தின் மொட்டை மாடியில் டவர் நிற்கிறது. அமீர்பேட்டில் எல்லாக் கம்பெனியும் ஓடும். நான் அமீர்பேட்டில் கேரவனை நிறுத்தப் போவதில்லை.

அதன் பிறகு கடைக்காரர்களை விட்டுவிட்டு நானே உட்கார்ந்து பார்த்தேன். போனிலிருந்தே ஹாட்ஸ்பாட் எடுப்பது நகரத்துக்குச் சரி. தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் கிடைக்கும் சிக்னலில் பாதி போய்விடும். 5ஜி அளவில்லாமல் தருகிறோம் என்பவர்கள், 5ஜி டவர் இல்லாத இடத்தில் தினசரி அளவுக்குத் திரும்பிவிடுவார்கள். அதைச் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சாட்டிலைட் இணைப்பு பற்றிச் செய்தி நானே பலமுறை ஏற்றியிருக்கிறேன், வாங்கக் கடையில் இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம், எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி என்ற கேள்விக்கே பொருள் இல்லை என்பது. நாம் வண்டியை நிறுத்தும் அந்த ஒரு இடத்தில் எந்தக் கம்பெனி எடுக்கிறது என்பதுதான் கேள்வி. அது ஊருக்கு ஊர் மாறும். ஒரே கம்பெனியில் நான்கு சிம் வாங்கினாலும் அது ஒரு சிம்தான்.

அதனால் இரண்டு சிம் போடக்கூடிய ரௌட்டர் ஒன்றை வாங்கினேன். ஒன்றில் தனியார் கம்பெனி சிம், நெடுஞ்சாலைக்கும் ஊர்களுக்கும். இன்னொன்றில் அரசுக் கம்பெனி சிம், காட்டுக்கு. வண்டிக் கூரையில் ஒட்டிக்கொள்ள, காந்தம் வைத்த ஆன்டெனா. தங்கப்போகும் ஒவ்வொரு இடத்துக்கும் போன் போட்டு, உங்களுக்கு எந்தக் கம்பெனி எடுக்கிறது என்று கேட்டேன். முதல் இரவு ஸ்ரீசைலம் சாலையில், மன்னனூர் சோதனைச்சாவடி தாண்டிக் காட்டுக்குள் இருக்கும் ஒரு விடுதி வளாகம். அங்கே அரசுக் கம்பெனி மட்டும்தான், வேறு எதுவும் எடுக்காது என்றார் விடுதி மேலாளர். அங்கே விடிகிற காலை எனக்கு ஷிப்ட். காட்டுச் சாலையின் கேட் இரவு ஒன்பதுக்கு மூடினால் காலை ஆறுக்குத்தான் திறக்கும். அதாவது, அந்த இரண்டாவது சிம்தான் என் வேலை.

இதையும் சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். இதே சொற்களில்.

நான் ஒரு மணிக்கு ஷிப்டை முடித்ததும் கிளம்பினோம். நெடுஞ்சாலையில் எல்லாம் ஓடியது. ஓரகத்தி ஏதோ தெலுங்கு சீரியல் பார்த்துக்கொண்டு வந்தார். வழியில் டீ, வழியில் மிர்ச்சி பஜ்ஜி, வழியில் மச்சாண்டாருக்கு ஒரு குட்டித் தூக்கம். கேட்டுக்குள் நுழைந்தபோது காவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். விடுதி வளாகத்தில் வண்டி நின்றதும் கணினியைத் திறந்தேன். இணைப்பு இல்லை. ஆன்டெனாவை நகர்த்தினேன். இல்லை. ரௌட்டரைக் கழற்றினேன்.

ஒரு இடத்தில் நான் பார்த்தே இராத ஒரு தனியார் கம்பெனி சிம். இன்னொரு இடம் காலி.

“இது யாரோட சிம்?”

“நம்மளுதும்மா” என்றார் மச்சாண்டார். ரயில்வே பட்டறையில் சீனியர் செக்ஷன் இன்ஜினியர் அவர். “டிபார்ட்மென்ட்ல குடுத்தது. ஃப்ரீ. ஃப்ரீயா ஒண்ணு இருக்கும்போது காய்கு, எதுக்கு ரெண்டுக்கு ரீசார்ஜ் பண்றது?”

“நான் போட்ட ரெண்டும் எங்க மாமா?”

“ஸ்பேர்தானே? ஸ்டோர்ல இருக்கு.”

“எந்த ஸ்டோர்?”

“வீட்ல. பீரோ லாக்கர்ல. கவர் போட்டு, மேல எழுதி பத்திரமா வச்சிருக்கேன்.”

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். பட்டறையில் ஸ்பேரை ஓடுகிற வண்டியில் மாட்டி அனுப்பமாட்டார்கள். மாட்டினால் தேயும், தொலையும், யாராவது கழற்றி விற்றுவிடுவார்கள். ஸ்பேர் என்றால் ஸ்டோரில் இருக்க வேண்டும். மாட்டியது கெட்டுப்போனால் வந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அவர் வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் வேலை செய்திருக்கிறார். நல்ல வேலைக்காரர் என்று பெயரும் வாங்கியிருக்கிறார். அந்த ஒழுங்கை அப்படியே தூக்கி என் வேலையின் மேல் வைத்திருக்கிறார். அதில் துளி அலட்சியம் இல்லை. அலட்சியம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

“என் வைரத்தோடே அந்த லாக்கர்ல இல்ல” என்றார் ஓரகத்தி. “சிம்முக்குக் குடுத்து வச்சிருக்கு.”

என் கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கேட்டேன்: “உங்களுக்குத் தெரியுமா இது?”

“அண்ணன் சொன்னாரு. நானும் சரின்னேன். எல்லாத்துலயும் ஒரே இன்டர்நெட்தானே வருது?”

“ரெண்டு தடவை சொன்னேன். இந்த இடத்தோட பேரச் சொல்லிச் சொன்னேன்.”

“ஒரு காலைதானே. யாரையாவது பார்த்துக்கச் சொல்லேன். நக்கோ, வேணாம், இப்ப வந்த இடத்துல ஆரம்பிக்காத.”

ஆரம்பித்தது யார் என்று நான் கேட்கவில்லை. கேட் மூடியாகிவிட்டது, காலை வரை வெளியே போக முடியாது. இறங்கி மேலாளர் அறைக்குப் போனேன். அவரிடம் ஒரு பட்டன் போன். அதில் மூன்று கோடு சிக்னல் இருந்தது, நான் வாங்கிய சிம்மின் அதே கம்பெனி. அந்த சிம்மை ஒரு காலைக்கு எனக்குத் தர முடியுமா என்று கூச்சமில்லாமல் கேட்டேன். கேட்டிலிருந்தும் வனத்துறையிலிருந்தும் எந்த நேரமும் அந்த எண்ணுக்குத்தான் அழைப்பு வரும், முடியாது என்றார். பேச மட்டும் கொடுத்தார். அலுவலகத்துத் தரைவழி எண் எனக்கு மனப்பாடம். செய்தி மேஜையில் இருந்தவர் என்னைவிட மிகவும் இளையவர், என் மேல் மரியாதை உள்ளவர்.

“மேடம், காலையில ஆள் இல்லையே. இங்க வேற மழை கொட்டுது.”

“யாராவது அரை மணி முன்னாடி வந்து நேத்தோட லிஸ்டை இறக்கினாப் போதும். மிச்சத்தை நான் கேட் திறந்ததும் வெளிய வந்து பார்த்துக்கறேன்.”

“சொல்லி வைக்கறேன் மேடம்” என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். சொல்லி வைப்பார், கேட்பவர் இருக்கமாட்டார்.

காலையில் கேட் திறந்ததும் மன்னனூர் பக்கம் வண்டியைத் திருப்பச் சொன்னேன். மச்சாண்டார் பல் விளக்கிக்கொண்டிருந்தார். “டீயாவது குடிச்சிட்டுப் போலாமே” என்றார். என் கணவர் ஓட்டினார். காட்டைத் தாண்டி முதல் கோடு சிக்னல் தெரிந்த இடத்தில், சாலை ஓரமாக நிறுத்தச் சொல்லித் திறந்தேன். முகப்பில் முந்தின நாள் விடுமுறை அப்படியே இருந்தது. ஒரு மாவட்டத்தில் அன்று பள்ளி உண்டு. கீழே வாசகர்களின் வசவு வரிசையாக வந்துகொண்டிருந்தது. ஒரு தாய் எழுதியிருந்தார்: “அரையாண்டுப் பரீட்சை. உங்களை நம்பிப் பிள்ளையை வேனில் ஏற்றவில்லை. இப்போது என்ன செய்ய?” நான் விடுமுறையை இறக்கினேன். திருத்தம் போட்டேன். அந்தத் தாய்க்கு உடனே பள்ளிக்குப் பேசுங்கள் என்று பதில் எழுதினேன். ஷிப்ட் முடியும்வரை அந்த இடத்தைவிட்டு வண்டி நகரக்கூடாது என்றேன். லாரிகள் போகும் ஒவ்வொரு முறையும் வண்டி ஆடியது.

ஒரு மணிக்கு மேல் நிர்வாகத்தின் மின்னஞ்சல் வந்தது. நீளம் இரண்டு வரி. விலக்கு ரத்து, அடுத்த மாதம் முதல் சென்னை. அவர்களையும் நான் விடுவதாக இல்லை. ஆறு மணிக்கு ஒரு மாநிலமே பார்க்கும் பக்கத்துக்கு ஒரே ஒரு ஆள், அவளுக்கு மாற்று இல்லை, அதற்கும் அவள்தான் பொறுப்பாம். இப்படிப் பதில் எழுதி, அனுப்பாமல் அழித்தேன். நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டது நான். ‘வருகிறேன்’ என்று மட்டும் அனுப்பினேன்.

பிறகு வண்டியில் இருந்தவர்களிடம் சொன்னேன்.

என் கணவர், “என்னைக் கேக்காம எப்படி வரேன்னு எழுதின?” என்றார்.

“சிம்மைக் கழட்டும்போது என்னக் கேட்டீங்களா?”

“ரெண்டும் ஒண்ணா?”

“ஒண்ணுதான்” என்றேன். ஓரகத்தி என் பக்கம் திரும்பி, மெதுவாக, “போம்மா, போய்ட்டு வா” என்றார். மூன்று பேரில் அவர் ஒருவருக்குத்தான் நடந்தது என்னவென்று விளங்கியிருந்தது.

மச்சாண்டார் சாயங்காலம் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு வந்து எதிரில் உட்கார்ந்து, “சென்னைக்கு எப்போ போகணும்னு தேதி சொல்லு. எமர்ஜென்சி கோட்டால போட்டு லோயர் பெர்த் வாங்கித் தரேன்” என்றார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அது ஒன்றுதான் என்பது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையும் என்று யார் சொன்னது?

தேதி சொன்னேன். கீழ்ப் படுக்கைதான் கிடைத்தது. செகந்திராபாத் நிலையத்துக்கு எல்லோரும் வந்தார்கள். என் கணவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “வாரா வாரம் வந்துடு” என்றார். நீங்கள் வாருங்கள் என்றேன். வண்டி நகர்ந்தது. அப்போதும் என் கோபம் அப்படியே இருந்தது. படுக்கையை விரித்துப் படுத்தேன், ஆறு மணிக்கு அலாரம் வைத்துவிட்டு.