வலி இல்லை என்றவர்

எங்கள் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நான் நிரப்பும் தாளில் 'பெயின்' என்று ஒரு கட்டம் உண்டு. பூஜ்யம் முதல் பத்து வரை ஓர் எண் போட வேண்டும். அந்தச் சொல்லைக் கண்டாலே எனக்கு எரிச்சல். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல் என்று ஜனங்கள் சொல்வதையெல்லாம் அந்த ஒன்றுக்குள் திணிக்க வேண்டும். போதாததற்கு என் மகள் தன் தம்பியையும் 'பெயின்' என்கிறாள். காதலன் போனை எடுக்காவிட்டால் அவள் தோழிக்கு அதுவும் 'பெயின்'.

ஒரு மத்தியானம், சங்கு குளிக்கும் ஒருவரை அவர் மனைவி அழைத்து வந்தாள். ஆழத்தில் வெகுநேரம் இருந்துவிட்டு அவசரமாக மேலே வந்திருக்கிறார்.

"வலி எவ்வளவு இருக்கு அண்ணாச்சி?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர். காலு கொஞ்சம் மதமதன்னு கெடக்கு. இவதான் பயந்து கூட்டியாந்துட்டா" என்று சிரித்தார்.

பூஜ்யம் போட்டு, பெஞ்சில் உட்காரச் சொன்னேன். வலியில் கத்திக்கொண்டு மூன்று பேர் காத்திருந்தார்கள். இருபது வருடம் வேலை பார்த்தவள் செய்த காரியம் அது. வெட்கக்கேடு.

அவர் மனைவி நகரவில்லை. "சிஸ்டர், ஆட்டோவ விட்டு எறங்கையில இவுக செருப்பு கழண்டுட்டு. அது தெரியாமலே தார் ரோட்டுல நடந்து வாராக. என்னா சூடு!"

குனிந்து பார்த்தேன். உள்ளங்காலில் கொப்புளம். ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தேன்.

அவசரமாக மேலே வந்ததில் உடம்புக்குள் உண்டான காற்றுக் குமிழிகள் தண்டுவடத்தைப் பாதித்திருக்கும், கால்கள் செயலிழந்து போகலாம் என்றார் டாக்டர். ஆக்சிஜன் வைத்தோம். இதற்கான அழுத்த அறை இருக்கும் வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். டாக்டர் ஊசிமுனையால் பாதத்தில் குத்தினார். தெரியவில்லை. கணுக்காலில் குத்தினார். தெரியவில்லை. அண்ணாச்சியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"காலு போயிருமா சார்?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்ப்பதும் குத்துவதுமாக இருந்தார். எனக்குப் பூஜ்யம் போட்ட என் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும் முன் டாக்டர் கால் பெருவிரலில் இன்னொரு தடவை குத்தினார்.

"ஏலே! வலிக்குல்லா!"

டாக்டரையே 'ஏலே' என்றுவிட்டார். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் மனைவி ஓடிவந்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், இன்னொருக்க குத்துங்க சார்."