அவிக்கக் கூடாத ஒரு சாமான்

யோகனின் கீழ்த்தாடை எலும்பில் துளை போட்டுப் பார்த்தபோது, செல் குண்டின் இரும்புத் துண்டு, நாங்கள் சொல்கிற பீஸ், அங்கே இருக்கவில்லை. திரையில் மட்டும் இருந்தது. கருவியின் முனையைக் காட்டும் சிவப்புச் சிலுவை நேரே அதன் மேலே நின்றது. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்த டொக்டர் நிமிர்ந்து திரையைப் பார்த்தார். பிறகு வாய்க்குள் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார். இரத்தம் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். டொக்டருக்கு வியர்த்ததை அன்றுதான் கண்டேன்.

பல் கிளினிக்குகளில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. ஆறுதலாகத்தான் சொல்வேன்.

மெசின்

சமாதான காலத்தில் பாதை திறந்த பிறகு, கிளிநொச்சியில் எங்கள் கிளினிக்குக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு டொக்டர் வந்தார். பிறந்தது எங்கள் பக்கம்தான். சின்ன வயதிலேயே போனவர். இரண்டு பெரிய பெட்டிகள் கொண்டுவந்தார். ஒன்றில் மைக்ரோஸ்கோப். அதற்குள்ளால் பார்த்தால் பல்லின் வேர் பனைமரத்து அடி போலத் தெரியும். மற்றதில் இருந்தது வழிகாட்டும் மெசின். உயரக் கம்பியில் இரண்டு கமரா. நோயாளியின் பற்களில் ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கொளுவிவிடுவார்கள். அதற்கு ஸ்பிளின்ட் என்று பெயர். அதிலும் துளைக்கும் கருவியிலும் சின்னச் சின்னக் குண்டுகள் இருக்கும். அவற்றைக் கமரா பார்த்து, கருவியின் முனை எலும்புக்குள் எங்கே நிற்கிறது என்று ஸ்கான் படத்தில் காட்டும். கண்ணால் காணாத இடத்துக்கு அதுதான் கண்.

நான் அங்கே அட்டென்டன்ட். சாமான் கழுவுவது, அவிப்பது, எடுத்துக் கொடுப்பது என் வேலை. மெசினுக்கு மட்டும் ஜெனரேட்டர் இருந்தது. மற்றபடி கரண்ட் இல்லாத ஊரில் மண்ணெண்ணெய் அடுப்பில் அவித்தே எல்லாவற்றையும் சுத்தமாக வைத்திருந்தேன். என் கையால் அவித்த சாமானால் ஒருவருக்கும் சீழ் பிடித்ததில்லை. இதை யார் முன்னாலும் சொல்வேன்.

யோகன்

யோகன் மினிபஸ் கொண்டக்டர். வவுனியாப் பக்கம் ஓடுகிற பஸ். விரல் வைக்காமல், உதட்டைக் குவித்து விசில் அடிப்பான். ஒன்று அடித்தால் நிற்கும், இரண்டு அடித்தால் எடுக்கும். பாதையில் நிற்கிற மாடுகூட அந்தச் சத்தத்துக்கு விலகும் என்று சொல்வார்கள். முன்னைய சண்டையில் செல் விழுந்து அவனுடைய கடைவாய்ப் பற்கள் இரண்டு போய், ஒரு பீஸ் தாடைக்குள்ளே நின்றுவிட்டது. அடிக்கடி கன்னம் வீங்கும், சீழ் வடியும். எடுக்கப் பயந்தான். அதற்குப் பக்கத்தில்தான் உதட்டுக்குப் போகிற நரம்பு. அது வெட்டுப்பட்டால் கீழ் உதடு விறைத்துப் போகும் என்று முன்னமே வேறு டொக்டர்மார் சொல்லியிருந்தார்கள்.

"விசில் போகாதெண்டு சொன்னாத்தான் டொக்டர், நான் கதிரையிலை இருப்பன்."

"பயப்பிடாதேங்கோ. பீஸ் எங்க, நரம்பு எங்க எண்டு இது காட்டும். மயிரிழை பிசகாது."

"சரி. கனகராயன்குளத்துக்கு டிக்கெட் எடுத்தவனை மாங்குளத்திலை இறக்கிப்போடாதேங்கோ."

அவன் பஸ் போகிற பாதையில் மாங்குளம் முந்தி வரும். எல்லோரும் சிரித்தோம். டொக்டரும்தான் சிரித்தார்.

ஸ்பிளின்டைச் செய்து, அதைப் பற்களில் போட்டபடி கொழும்பில் ஸ்கான் எடுத்துவரச் சொன்னார். ஒப்பரேஷன் அன்று அதே மூடி அதே மாதிரி இருக்க வேண்டும். அதை அவனிடமே கொடுத்துவிட்டார்.

"இது கவனம் தம்பி. வெரி இம்போர்டன்ட். நல்ல கிளீனா வச்சிருங்கோ."

அவ்வளவுதான் சொன்னார். போகிற வழியில் யோகன் என் அறை வாசலில் வந்து நின்றான். பல் பிடுங்கும் குறடுகள் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தன.

"என்ன அன்ரி, இண்டைக்குக் குறட்டுக் குழம்போ?"

"ஓமடா. உனக்கும் ஒரு அகப்பை ஊத்தட்டோ?"

"இவ்வளவு கொதிக்க வேணுமே?"

"கொதிச்சாத்தானே கிருமி சாகும். நாலு பேற்றை வாய்க்கை போற சாமான்."

தலையை ஆட்டிவிட்டு, விசில் அடித்துக்கொண்டு போனான்.

ஒப்பரேஷன்

அன்று ஸ்பிளின்ட் சரியாக இருக்கவில்லை. பின்பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ஆடியது. டொக்டர் மூடியின் உட்பக்கத்தை இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று அராவி அதை இருத்தினார். புதிதாக ஒன்று செய்து திரும்பவும் கொழும்புக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் அவருடைய லீவு முடிகிற நேரம். மெசினும் அவரோடு திரும்பிப் போக வேண்டியது.

கருவியின் முனையால் முன்பல்லைத் தொட்டுப் பார்த்தார். திரையிலும் சிலுவை முன்பல்லில் நின்றது. "பெர்ஃபெக்ட்" என்றார். பீஸ் இருக்கிற இடத்தில் தொட்டுப் பார்க்கப் பல் இல்லை. அதைத்தான் செல் கொண்டுபோயிருந்ததே.

பிறகு நடந்ததை முதலிலேயே சொன்னேன். பீஸைத் தேடி எலும்பைப் பின்பக்கமாக வெட்டிக்கொண்டு போனார். மைக்ரோஸ்கோப் எல்லாவற்றையும் பெரிதாகக் காட்டியது. நரம்பையும் காட்டியது, அறுந்த பிறகு. ஊசியின் விறைப்பில் யோகனுக்கு நோகவில்லை. கடைசியில் அரிசி அளவு இரும்பு ஒன்று தட்டில் விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவன் எனக்குப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினான்.

டொக்டர் கையுறையைக் கழற்றாமலே கேட்டார்.

"ஸ்பிளின்டை என்ன செய்தனீங்கள்?"

வாயில் பஞ்சோடு யோகன் சொன்னான். "ஸ்கான் எடுத்துக்கொண்டு வரேக்கை சோதனையிலை ஆமிக்காரன் எடுத்து விரலாலை தடவிப் பாத்தவன், டொக்டர். வாயிலை வைக்கிற சாமானெல்லோ. அதுதான் மஞ்சள் போட்டு அவிச்சனான். அன்ரி செய்யிற மாதிரி, நல்லாக் கொதிக்க விட்டு."

அந்தப் பிளாஸ்டிக் கொதிநீரில் வளையும்; குண்டுகள் இடம் மாறி, திரை பிழையான இடத்தைக் காட்டும். கையில் வைத்துப் பார்த்தால் வளைந்தது தெரியாது; வாயில் போட்டால்தான் ஆடும்.

யோகனை வெளியே அனுப்பிவிட்டு டொக்டர் என்னிடம் திரும்பினார்.

"கேட்டனீங்களோ அம்மா? உங்களைப் பாத்துத்தான் செய்தவனாம். இந்தச் சனத்தை வச்சுக்கொண்டு என்னத்தைச் செய்யிறது?"

கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தேன். பிறகு சொன்னேன்.

"கிளீனா வச்சிரு எண்டு சொன்னது நீங்கள். எப்பிடி எண்டு சொன்னனீங்களோ? அவனுக்கும் சொல்லேல்லை, எனக்கும் சொல்லேல்லை. இந்தச் சனத்துக்குத் தெரிஞ்ச கிளீன் இதுதான். ஆடின மூடியை அராவி இருத்தினது இந்தச் சனமில்லை."

டொக்டர் மைக்ரோஸ்கோப்புக்குச் சீலையைப் போட்டு மூடினார்.

விறைப்பு

ஊசியின் விறைப்பு பின்னேரத்துக்குள் விடும் என்றார்கள். விடவில்லை. சில மாதத்தில் நரம்பு வளரும் என்று சொல்லிவிட்டு டொக்டர் போய்விட்டார். மெசினும் போனது; மைக்ரோஸ்கோப் மட்டும் எங்களோடு நின்றது. பஸ் எங்கள் வாசலைக் கடக்கும் போதெல்லாம் யோகன் நிற்பாட்டச் சொல்லி இறங்கி வருவான். நான் பஞ்சின் நுனியால் உதட்டில் தொடுவேன்.

"தெரியுதோடா?"

"எங்கை தொடுறியள் அன்ரி?"

பிறகு அவன் பஸ்ஸின் தகரத்தில் தட்டித்தான் நிற்பாட்டினான். பாதை மறுபடி மூடியதும் பஸ்ஸும் நின்றது. சண்டை கிளிநொச்சிக்கு வந்தபோது மைக்ரோஸ்கோப்பைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டு ஓடினோம். யார் எடுத்தார்களோ தெரியாது.

கடைசியாக அவனை, சண்டை முடிந்த பிறகு வவுனியாவில், அகதி முகாமின் முள்ளுக்கம்பிக்குள்ளே, தேத்தண்ணி வரிசையில் கண்டேன். மெலிந்து போயிருந்தான். கீழ் உதட்டில் கொதி தேத்தண்ணி சுட்ட பழைய தழும்புகள். கோப்பையை வாங்கியவன் முதலில் சுண்டுவிரலைத் தேத்தண்ணிக்குள் விட்டுப் பார்த்தான். பிறகுதான் குடித்தான். கொஞ்சம் வழிந்தது. தோளால் துடைத்தான்.

"என்ன அன்ரி அப்பிடிப் பாக்கிறியள்? மாங்குளத்திலை இறங்கினவனுக்கு மாங்குளம் பழகிப்போச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முகாமைவிட்டு வந்த பிறகும் சில காலம் பல் கிளினிக்கில் வேலை செய்தேன். கட்டுப்பல்லோ மருந்தோ, எதைக் கொடுத்தாலும் நோயாளியை நிறுத்திவைத்துக் கேட்பேன்: "இதை வீட்டை கொண்டுபோய் என்ன செய்வாய், எனக்குச் சொல்லு பாப்பம்." தன் வாயால் சொல்லும்வரை விடமாட்டேன். டொக்டர்மாருக்கு நேரம் போகிறதென்று எரிச்சல். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும், நீங்களும் கேளுங்கள். கேட்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை யோகனுக்கு ஒருவரும் கொடுக்கவில்லை.