சவர்க்காரத்தில் வெட்டிய தாங்கி

இத்தாலியின் பலெர்மோவில் நான் வேலை செய்யும் வீட்டில், மதியம் வீட்டுக்கார அம்மா செய்மதியைச் சுருட்டி எடுத்து வைத்த பிறகுதான் நான் சாப்பாடு பரிமாறலாம். ஊரில் இதை வாசிப்பவர்கள் சிரிக்கக்கூடும். சிஞ்ஞோரா, அப்படித்தான் அவரைக் கூப்பிடுவேன், செய்மதி உறுப்புகளை வடிவமைத்துப் படம் வரையும் இயந்திரப் பொறியாளர். கால்சாப் பகுதியிலுள்ள அந்தப் பழைய வீட்டின் சாப்பாட்டு மேசைதான் அவருடைய அலுவலகம். தூசு தட்டலாம், கடதாசியைத் தொடக்கூடாது. இது முதல் நாளே போட்ட சட்டம்.

தொடாமல் இருந்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. இலங்கையில் நானும் இயந்திரப் பொறியியல்தான் படித்தேன். இறுதிச் சோதனைக்கு முன் சண்டை வந்து எல்லாவற்றையும் குழப்பிவிட்டது. இங்கே அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. சட்டை மினுக்குகிறவள் பொறியியல் படித்தவள் என்றால் யார் நம்பப்போகிறார்கள்?

ஒரு கிழமை, அன்ரெனாவைப் பிடித்து நிற்கும் சிறு தாங்கியொன்றின் படம் மேசையில் கிடந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த படத்தைப் பார்த்து சிஞ்ஞோரா புதிதாக வரைந்திருந்தார். ஒரு பொருளின் இடப்பக்கத் தோற்றத்தை அமெரிக்கர் இடப்பக்கத்திலேயே வரைவார்கள். இத்தாலியர் வலப்பக்கத்தில் வரைவார்கள். சிஞ்ஞோரா பழக்கதோஷத்தில் அதை இத்தாலியப் படமாக வாசித்துவிட்டார். தாங்கியில் ஒரு பக்கம் இருக்க வேண்டிய துளை மறுபக்கம் போய்விட்டது. அப்படியே செய்தால் பொருந்தாது. பல மாத வேலை வீண், அவருடைய பெயரும் கெடும்.

ஒரேத்தோ தெருவில் எங்கள் அறைக்குத் திரும்பிக் கணவரிடம் சொன்னேன்.

"உமக்கேன் உந்த வேலை? சிஞ்ஞோரா கோவிச்சா எண்டால் வேலை போகும். வேலை போனால் பெர்மெஸ்ஸோவும் போகும்."

பெர்மெஸ்ஸோ என்பது இங்கே இருப்பதற்கான அனுமதி. அவர் சொன்னது சரிதான். அதனால்தான் எனக்கு எரிச்சல் வந்தது.

மறுநாள் படத்தைக் காட்டி, எனக்குத் தெரிந்த இத்தாலியனில் "பிழை" என்றேன். நான் எதையோ ஊற்றிவிட்டேன் என்று சிஞ்ஞோரா பதறிக் கடதாசியைத் தூக்கிப் பார்த்தார். கறை இல்லை.

"தொடாதே என்று சொன்னேனே!"

இதை விளக்க என் இத்தாலியன் போதாது. உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரக் கட்டியையும் கத்தியையும் எடுத்து வந்தேன். பல்கலைக்கழக விடுதியில் படம் விளங்காவிட்டால் சவர்க்காரத்தில்தான் வெட்டிப் பார்ப்போம். பிறகு அதாலேயே உடுப்பும் தோய்ப்போம். அமெரிக்கப் படத்தின்படி தாங்கியை வெட்டி, துளையிட்டு, சிஞ்ஞோராவின் படத்தின் மேல் வைத்தேன். இரண்டிலும் துளை எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தது. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. கதிரையை இழுத்து என்னை இருக்கச் சொன்னார். இரண்டு வருடத்தில் அந்த மேசையில் நான் இருந்தது அன்றுதான்.

"நீ பொறியாளரா?"

"ஓம்," என்றேன், தமிழிலேயே. அழுகை வந்துவிட்டது.

படத்தின் மூலையில் சரிபார்த்தவர் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் என் பெயரைப் போட சிஞ்ஞோரா நிறுவனத்தோடு வாதாடினார். சான்றிதழ் கேட்டார்கள். என்னிடம் எங்கே இருக்கிறது? பெயர் போட முடியவில்லை என்று சொல்லி அவர் கண் கலங்க, நான்தான் தேற்ற வேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு படமும் என் கண்ணில் பட்ட பிறகுதான் வீட்டைவிட்டுப் போகிறது.

போன மாதம் அந்தச் செய்மதி மேலே போய்விட்டது. அதே கிழமை குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வரிசையில் நின்றேன். என்ன தொழில் என்று அதிகாரி கேட்டார். வீட்டுவேலை என்றேன்.

என் தாங்கி ஒவ்வொரு நாளும் யாழ்ப்பாணத்துக்கு மேலாலும் போகிறதாம். நான் திரும்பிப் போக முடியாத ஊருக்கு மேலால். சவர்க்காரத் தாங்கியை சிஞ்ஞோரா கண்ணாடி அலுமாரிக்குள், வெள்ளிச் சாமான்களுக்கு நடுவே வைத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமைகளில் அதை எடுத்துத் தூசு தட்டி, துளை இருக்கும் பக்கத்தை வெளியே பார்க்கத் திருப்பி வைக்கிறேன்.