ஷூவுக்கும் உள்ளே அனுமதி!

குதிகால் வலிக்காக, ஷூவுக்குள் வைக்க அளவெடுத்துச் செய்த இன்சோலைப் போட்டதிலிருந்து, கணுக்கால் உரசிப் புண்ணாகிவிட்டது. கோபத்தோடு, அதைச் செய்து கொடுத்த தாம்பரம் கிளினிக்குக்குப் போனேன். வழக்கம்போல் ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, இன்சோலை மட்டும் நீட்டி, "உரசாத மாதிரி இதைத் தேய்ச்சுக் குடுங்க சார்!" என்றேன்.

தேய்க்கும் மெஷினை ஆன் செய்த தெரபிஸ்ட் சட்டென நிறுத்தினார்.

"ஷூ எங்க மேடம்?"

"வெளியில விட்டிருக்கேன்."

"எடுத்துட்டு வாங்க, அதுல போட்டுத்தான் பாக்கணும்."

கொண்டுவந்தால், அட! ஷூவோடு வந்த பழைய இன்சோலை எடுக்காமல், அதன் மேலேயே புதியதை வைத்திருக்கிறேன்! பாதம் உயர்ந்து, கணுக்கால் ஷூவின் விளிம்பில் உரசியிருக்கிறது. அதை உருவியதும் பாதம் கச்சிதமாக உட்கார்ந்தது, எங்கும் உரசவில்லை. நல்லவேளை, புதியதைத் தேய்த்துக் கெடுக்கவில்லை!

இப்போதெல்லாம் கிளினிக்குக்குப் போனால் ஷூவும் கையுமாகத்தான் உள்ளே நுழைகிறேன். "மேடம், செருப்பெல்லாம் வெளியில!" என்று ரிசப்ஷன் பெண் பதறினால், "பேஷன்ட்டே இதுதாம்மா!" என்கிறேன்.